காகித மாதிரி வானூர்தி

காகித மாதிரி வானூர்தி என்பது தாளில் அச்சிடப்பட்ட உறுப்புகளை வெட்டி, மடித்து, சுருட்டி, ஒட்டி உருவாக்கப்படும் வானூர்தியின் சிறிய உருவம் ஆகும். இது அட்டை மாதிரி என்றும் அழைக்கப்படுகிறது. பள்ளி மாணவர் ஒரே தாளை மடித்து எறியும் காகித விமானம் வேறு, இது வேறு. அது பறப்பதற்கானது. இதுவோ ஒரு குறிப்பிட்ட வானூர்தியின் வடிவத்தையும் நிறத்தையும் உறுப்புகளையும் அளவு மாறாமல் காட்டுவதற்கானது, பொதுவாகப் பறக்காது. இக்கலை பல நாடுகளில் இருப்பினும் போலந்து நாட்டிலேயே மிகுதியாக வளர்ந்துள்ளது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் போலந்துச் சண்டை வானூர்திகளும், தொழிற்சாலையில் பெருமளவில் உற்பத்தி ஆகாமல் நின்றுபோன முன்மாதிரி வானூர்திகளும் இம்மாதிரியாளர்கள் விரும்பும் பொருள்களாகும்.

இக்கட்டுரையில் "முன்மாதிரி" என்பது சோதனைக்காக முதலில் கட்டப்பட்ட உண்மையான வானூர்தியையும், "மாதிரி" என்பது காகிதத்தில் செய்த சிறு உருவத்தையும் குறிக்கும்.

தோற்றம்

வெட்டி ஒட்டுவதற்கான அச்சுத் தாள்கள் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே பரவலாக விற்கப்பட்டன. பிரான்சின் எப்பினால் நகர அச்சகங்களும் செருமனியின் எசுலிங்கன் நகரில் இருந்த சிறைபர் பதிப்பகமும் இவற்றுக்குப் பெயர்பெற்றவை. கோட்டை, தேவாலயம், கப்பல் ஆகியவையே தொடக்கத்தில் இருந்தன. வானூர்தி தோன்றிய பின் அதுவும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது மாழையும் மரமும் போருக்குத் தேவைப்பட்டதால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் காகித மாதிரிகள் பெருகின. பிரித்தானியாவில் 1941 முதல் வெளிவந்த மைக்ரோமாடல்சு என்ற வரிசை அஞ்சலட்டை அளவுத் தாள்களில் அச்சிடப்பட்டது. போருக்குப் பின் நெகிழி மாதிரிகள் வந்ததும் அந்நாடுகளில் காகிதத்தின் மதிப்புக் குறைந்தது.

போலந்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கு நெகிழி மாதிரிகள் எளிதில் கிடைக்கவில்லை. 1957இல் "மாவி மொடெலாஷ்" என்ற இதழ் தொடங்கப்பட்டது. இப்பெயருக்குச் "சிறிய மாதிரியாளர்" என்று பொருள். ஒவ்வோர் இதழும் ஒரு வானூர்தியையோ கப்பலையோ ஊர்தியையோ முழுமையாகச் செய்வதற்கான தாள்களைக் கொண்டிருந்தது. கத்தரிக்கோலும் பசையும் இருந்தால் போதும் என்பதால் பல தலைமுறைப் போலந்துச் சிறுவர்கள் தம் நாட்டு வானூர்தி வரலாற்றை இவ்விதழ் வழியாகவே கற்றனர் எனலாம். 1989க்குப் பின் தனியார் பதிப்பகங்கள் பல தோன்றின. சி.பி.எம்., மொடெலிக், ஹலின்ஸ்கி ஆகியவை அவற்றுள் அறியப்பட்டவை. கணினி வரைவு வந்தபின் ஒரு வானூர்திக்கான உறுப்புகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. அவை சிறுவர்களுக்கானவையாக இல்லாமல் போய்விட்டன என்ற குறையும் உண்டு.

அளவு விகிதம்

போலந்துக் காகித வானூர்திகள் பெரும்பாலும் 1:33 என்ற விகிதத்தில் வரையப்படுகின்றன. அதாவது உண்மையான வானூர்தியின் 33 செ.மீ. மாதிரியில் 1 செ.மீ. ஆகும். நெகிழி மாதிரிகளின் 1:32 என்ற விகிதத்துக்கு இது மிக அண்மையில் உள்ளது. கப்பல்களுக்கு 1:200 வழக்கில் உள்ளது. 1:33இல் ஓர் உறுப்பை 1 மில்லிமீட்டர் தவறாக வெட்டினால் அது உண்மையில் 3.3 செ.மீ. பிழைக்கு ஈடாகும். விமானி இருக்கையின் கண்ணாடிச் சட்டம் போன்ற இடங்களில் இப்பிழை உடனே கண்ணில் படும்.

போலந்தின் முன்மாதிரிச் சண்டை வானூர்திகள்

போலந்தின் அரச வானூர்தித் தொழிற்சாலை 1928இல் வார்சாவில் நிறுவப்பட்டது. பி.இசட்.எல். என்பது அதன் போலிய மொழிப் பெயரின் சுருக்கம். அங்கு பணியாற்றிய சிக்முன்ட் புவாவ்ஸ்கி (1901–1931) என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த பி.1 என்ற முன்மாதிரி 1929 செப்டம்பரில் முதன்முறையாகப் பறந்தது. போலெஸ்வாவ் ஒர்லின்ஸ்கி அதனை ஓட்டினார். பெரும்பாலான நாடுகள் இரட்டை இறக்கை வானூர்திகளையே கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது முற்றிலும் மாழையால் ஆன ஒற்றை இறக்கை வானூர்தியாக இருந்தது. இறக்கை உடலிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து எழுந்து, பின் ஏறத்தாழக் கிடையாக நீளும். பறக்கும் கடற்காக்கையை முன்னிருந்து பார்த்தால் தெரியும் வடிவம் இது. உடலை ஒட்டிய பகுதியில் இறக்கை மெலிந்திருந்ததால் விமானிக்கு முன்புறப் பார்வை மறைக்கப்படவில்லை. இவ்வமைப்பு பின்னர் "புவாவ்ஸ்கி இறக்கை" என்றே பெயர் பெற்றது.

பி.1 உற்பத்திக்குச் செல்லவில்லை. அதில் நீரால் குளிர்விக்கப்படும் பன்னிரு உருளை இசுப்பானோ-சுயிசா பொறி இருந்தது. போலந்து வான்படையோ தன் நாட்டிலேயே உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட பிரிசுட்டல் சூப்பிட்டர் ஆரைப் பொறியை விரும்பியது. எனவே அதே இறக்கையுடன் ஆரைப் பொறி பூட்டிய பி.6 முன்மாதிரி 1930இல் பறந்தது. 1931இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து வான்பந்தயங்களில் ஒர்லின்ஸ்கி அதனைப் பறக்கவிட்டுக் காட்டினார். அவ்வாண்டு அக்டோபரிலேயே அது விபத்தில் அழிந்தது. அதற்கு முன்பே, 1931 மார்ச்சு 21 அன்று, புவாவ்ஸ்கி தாம் வடிவமைத்த நீர்நில வானூர்தியை ஓட்டும்போது விபத்தில் இறந்திருந்தார். அப்போது அவருக்கு அகவை 29. அவருடைய இறக்கையைக் கொண்ட பி.7, பி.11 ஆகியவை உற்பத்தியாகி வான்படையில் சேர்ந்தன. பி.11சி வகையில் ஒன்று மட்டும் எஞ்சி, கிராக்கோவ் நகரின் போலந்து வானூர்தி அருங்காட்சியகத்தில் உள்ளது.

பி.11க்கு மாற்றாக விசெவோவோட் யாகிமியுக் என்பவர் பி.இசட்.எல். 50 என்ற வானூர்தியை வடிவமைத்தார். இதற்கு "யாஸ்ட்ஷோம்ப்" என்று பெயரிட்டனர். வல்லூறு இனத்துப் பறவை ஒன்றின் போலியப் பெயர் அது. இறக்கை உடலின் கீழ்ப்புறத்தில் அமைந்தது, சக்கரங்கள் உள்ளிழுக்கத்தக்கவை, விமானி அறை மூடப்பட்டது. அதாவது காலத்தின் போக்குக்கு ஏற்ற வடிவமே. ஆயினும் முதல் முன்மாதிரி 1939 பிப்ரவரியில்தான் பறந்தது. பிரிசுட்டல் மெர்க்குரி பொறியின் ஆற்றல் போதாமையால் எதிர்பார்த்த வேகம் கிட்டவில்லை. திருத்தங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே 1939 செப்டம்பர் 1 அன்று செருமனி போலந்தின்மீது படையெடுத்தது. செருமனியின் மெசர்சிமிட் 109 வானூர்திகளைப் பழைய பி.11களே எதிர்கொள்ள நேர்ந்தது. யாஸ்ட்ஷோம்ப் எதுவும் இன்று எஞ்சவில்லை.

யாகிமியுக் பின்னர் கனடா சென்று டி ஆவிலண்ட் கனடா நிறுவனத்தில் சிப்மங்கு என்ற பயிற்சி வானூர்தியை வடிவமைத்தார். அது 1946 மே 22 அன்று முதலில் பறந்தது. 1951இல் அமைக்கப்பட்ட இலங்கை வான்படையின் முதல் வானூர்திகள் இந்தச் சிப்மங்குகளே. வார்சாவில் காலம் தாழ்ந்த வல்லூற்றின் ஆசிரியர் வடிவமைத்த வானூர்தியில் இலங்கை விமானிகள் பறக்கக் கற்றனர் என்பது பலர் அறியாத செய்தி.

அழிந்த வானூர்தியை வரைவதன் சிக்கல்

பி.11சி வானூர்தியை மாதிரிக்காக வரைபவர் கிராக்கோவுக்குச் சென்று அளந்து பார்க்கலாம். பி.1, பி.6, பி.இசட்.எல். 50 ஆகியவற்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எஞ்சிய ஒளிப்படங்கள், வரைபடங்கள், அளவுக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே முழு உருவத்தையும் ஊகிக்க வேண்டும். படங்கள் கறுப்பு வெள்ளை ஆதலால் நிறம் பெரும் சிக்கலாகிறது. படத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் மறுபக்கத்தை மாதிரியாளரே முடிவு செய்கிறார். அச்சிட்ட தாளில் அறிந்த கோடும் ஊகித்த கோடும் ஒரே தடிப்பில் இருக்கும். செய்பவர் இரண்டையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை. நல்ல வெளியீடுகள் எது ஊகம் என்பதைக் குறிப்பாகத் தெரிவிக்கின்றன.

1940இல் போர் நிகழாமல் இருந்து யாஸ்ட்ஷோம்ப் படையில் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, படைப்பிரிவுச் சின்னங்களுடன் மாதிரி செய்வோரும் உண்டு. பொழுதுபோக்காக இதில் தவறில்லை. ஆனால் அத்தகைய மாதிரியின் ஒளிப்படம் விளக்கமின்றிப் பரவும்போது, ஒருபோதும் இல்லாத ஒரு படைப்பிரிவு வரலாற்றில் இடம்பெற்றுவிடும். மாணவர்கள் மாதிரியின் படத்தை வானூர்தியின் சான்றாகக் கொள்ளலாகாது.

வடிவியல்

காகிதம் வளையும், ஆனால் நீளாது. இந்த ஒரு பண்பே இக்கலை முழுவதையும் ஆள்கிறது. உருளையையும் கூம்பையும் ஒரு கோட்டில் வெட்டினால் சுருக்கமின்றித் தட்டையாக விரிக்க முடியும். இவை விரிக்கத்தக்க பரப்புகள் எனப்படும். கடலைப் பொட்டலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பிரித்தால் தட்டையான தாள், சுற்றினால் கூம்பு. கோளத்தை அவ்வாறு விரிக்க முடியாது. பரப்பு ஒன்றை நீட்டாமலும் சுருக்காமலும் வளைத்தால் அதன் வளைவளவு மாறாது என்பதைக் கணிதவியலாளர் கார்ல் பிரீடரிக் காசு 1827இல் நிறுவினார். தட்டைத் தாளின் வளைவளவு சுழியம், கோளத்தின் வளைவளவு சுழியம் அன்று. ஆகவே எவ்வளவு திறமையாகச் சுருட்டினாலும் தாள் கோளமாகாது.

வானூர்தியின் மூக்கும் இறக்கை நுனியும் இரு திசைகளிலும் வளைந்தவை. இவற்றைக் காகிதத்தில் செய்ய இரு வழிகள் உள்ளன. முதலாவது, உடலைப் பல வளையங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வெட்டுண்ட கூம்பாகக் கொள்வது. இரண்டாவது, உரித்த ஆரஞ்சுத் தோல்போல இதழ்களாக வெட்டிக் குவிப்பது. வளையங்கள் மிகுந்தால் வடிவம் உண்மையை நெருங்கும், ஆனால் ஒட்டுக்கோடுகளும் மிகும். இரண்டுக்கும் நடுவே எங்கு நிற்பது என்பதில்தான் வரைபவரின் திறமை வெளிப்படுகிறது.

கூம்பை விரிக்கும் கணக்கு எளியது. அடிவட்ட ஆரம் 3 செ.மீ., சாய்வு நீளம் 12 செ.மீ. எனில் விரிப்பு என்பது 12 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாகும். அதன் கோணம் 360 × 3 ÷ 12 = 90 பாகை. அதாவது கால் வட்டம். வெட்டுண்ட கூம்புக்கு இத்துண்டிலிருந்து உட்பக்கச் சிறு துண்டை நீக்கினால் போதும்.

புவாவ்ஸ்கி இறக்கை இதில் ஒரு தனிச் சோதனை. பி.1இன் இறக்கை அகலம் 10.85 மீட்டர், 1:33இல் அது 32.9 செ.மீ. ஆகும். உடலை ஒட்டி மேலெழும் பகுதியும் வெளிப்பகுதியும் வெவ்வேறு சாய்வு கொண்டவை, தடிமனும் மாறுகிறது. ஒரே தாளால் போர்த்தினால் முறியும் இடத்தில் சுருக்கம் விழும். எனவே இரு பகுதிகளையும் தனித்தனியே போர்த்தி, உள்ளே தடித்த அட்டையில் வெட்டிய ஒரே முதுகுச் சட்டத்தால் இணைப்பர். கோணம் சட்டத்திலேயே அமைந்துவிடுவதால் இடமும் வலமும் ஒத்திருக்கும். பி.இசட்.எல். 50இன் இறக்கை அகலம் 9.7 மீட்டர், மாதிரியில் 29.4 செ.மீ. மட்டுமே. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. ஆதலால் அது மயிரிழையில் அடங்கும். எனினும் இறக்கை இரு பாதிகளாகவே வரையப்படுவது வசதி.

பொருள்களும் செய்முறையும்

வெளித்தோலுக்கு சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிராம் வரையுள்ள தாள் பொருத்தமானது. நகலெடுக்கும் 80 கிராம் தாள் குழிவிழும். உள்சட்டங்களை 1 மி.மீ. தடிப்புள்ள அட்டையில் ஒட்டி வெட்ட வேண்டும். குறிப்பேட்டின் பின்னட்டையையும் பழைய நாள்காட்டி அட்டையையும் அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம். வெள்ளை மரப்பசையை ஊசிமுனை அளவில் தடவினால் போதும். மைதாப் பசையில் நீர் மிகுதி, தாள் உப்பிவிடும்.

தாளுக்கு இழையோட்டம் உண்டு. அதன் திசையில் தாள் எளிதாகச் சுருளும், குறுக்கே சுருட்டினால் உடையும். ஓரத்தில் ஒரு துண்டை இரு திசைகளிலும் வளைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பேனா முனையால் அழுத்தி வரைந்த பிறகே மடிக்க வேண்டும். வெட்டிய விளிம்பில் தெரியும் வெண்மையை உரிய நிறத்தால் தீட்டுவது சிறு வேலை எனினும் மாதிரியின் தோற்றத்தை முற்றிலும் மாற்றும்.

தாளின் தடிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். 0.2 மி.மீ. தாள் 1:33இல் 6.6 மி.மீ. தகட்டுக்கு ஈடாகும். அக்காலச் சண்டை வானூர்திகளின் தோல் பொதுவாக இதைவிட மெல்லியது. வெளிவிட்டம் 30 மி.மீ. வர வேண்டுமெனில் உள்சட்டத்தின் விட்டம் 29.6 மி.மீ. ஆக இருத்தல் வேண்டும். இதை மறந்தால் தோலின் இரு விளிம்புகளும் சேராமல் அடிவயிற்றில் இடைவெளி தோன்றும். தொடக்கநிலையினர் தோலைக் குறை கூறுவர், குற்றம் சட்டத்தில் இருக்கும்.

விகிதத்தை நகல் பொறியில் மாற்றலாம். 1:33 தாளை 1:50 ஆக்க 66 விழுக்காட்டில் அச்சிட வேண்டும். ஆனால் அட்டையின் தடிப்புச் சுருங்காது. ஆகவே சட்டங்களின் இணைப்புப் பிளவுகள் பொருந்தாமல் போகும், அவற்றைத் திரும்ப வரைய வேண்டும். அச்சுப் பொறி "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பில் இருந்தால் சொல்லாமலேயே சில விழுக்காடு சுருக்கிவிடும் என்பதால் தாளில் உள்ள அளவுகோலை வைத்துச் சரிபார்த்தல் நன்று.

இந்தியாவும் ஓசூர்ப் பகுதியும்

இந்தியாவிலும் முன்மாதிரி வானூர்திகளின் வரலாறு உண்டு. பெங்களூரில் இந்துசுத்தான் ஏரோநாட்டிக்சு நிறுவனத்தில் செருமானியப் பொறியாளர் கூர்ட் தாங்கு தலைமையில் வடிவமைக்கப்பட்ட எச்.எப்.-24 மாருத் 1961 சூன் 17 அன்று முதலில் பறந்தது. அதற்கு முன் 1959இல் முழு அளவில் மரத்தால் ஒரு மிதவை வானூர்தி கட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தனர். மாதிரி என்பது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று, வடிவமைப்பின் ஒரு படிநிலை என்பதற்கு இது சான்று. மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், 1:33இல் 48.1 செ.மீ. பெங்களூரில் உள்ள நிறுவன அருங்காட்சியகத்தில் மாருத் ஒன்றைக் காணலாம். ஓசூரிலிருந்து அது ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும்.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரும் வானூர்தித் தொழிலுக்குப் புதிதன்று. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டத்தின் இத்தொழில் நகரம் சரக்குந்து, இருசக்கர ஊர்தி, கைக்கடிகாரம் ஆகியவற்றுக்கே பெரிதும் அறியப்படுகிறது. ஆனால் அருகிலுள்ள பேளகொண்டபள்ளியில் தனேசா ஏரோசுபேசு நிறுவனத்தின் வானூர்தித் தொழிற்கூடமும் ஓடுபாதையும் உள்ளன. இத்தாலியின் பார்த்தெனாவியா நிறுவனத்தின் உரிமத்துடன் பி.68சி என்ற ஆறு இருக்கை, இரு பொறி வானூர்தி 1990களில் இங்குக் கட்டப்பட்டது. இது தனியார் துறையில் நடந்த வானூர்திக் கட்டுமானமாகும்.

காகித மாதிரிக்குப் பி.68 மிகவும் ஏற்றது. அதன் இறக்கை உடலின் மேற்புறத்தில் அமைந்தது, அடி முதல் நுனி வரை ஒரே அகலம் கொண்டது. ஆகவே போர்வை ஒரு செவ்வகத் தாளே. புவாவ்ஸ்கி இறக்கையின் தொல்லை எதுவும் இல்லை. இறக்கை அகலம் 12 மீட்டர், நீளம் 9.55 மீட்டர். 1:33இல் இவை முறையே 36.4 செ.மீ., 28.9 செ.மீ. ஆகும். வளைந்த மூக்கும் இரு பொறிக் கூடுகளும் மட்டுமே வளையங்களாகப் பிரிக்கப்பட வேண்டியவை. மும்முகத் தோற்ற வரைபடம் ஒன்றைக் கொண்டு மாணவர்களே இதற்கான விரிப்பை வரையலாம். தேசிய வான்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா-3 அவ்வளவு எளிதன்று. அது கலப்புப் பொருளால் வார்க்கப்பட்டு எல்லாப் பக்கமும் வழவழவென்று வளைந்தது. தகட்டை வளைத்துக் கட்டிய வானூர்தி காகிதத்துக்கு இணங்கும், அச்சில் வார்த்தது இணங்காது.

இவ்வேறுபாடு ஓசூர்த் தொழிற்பேட்டையில் அன்றாடம் காணக்கூடியதே. தகட்டு வேலைக்கூடத்தில் காற்றுக் குழாயின் முழங்கை வளைவையோ தானியம் கொட்டும் புனலையோ செய்பவர் முதலில் அதன் விரிப்பைத் தகட்டில் வரைந்துகொள்கிறார். முழங்கை வளைவு சாய்வாக வெட்டிய உருளைத் துண்டுகளின் தொடர். காகித வானூர்தியின் உடலும் அவ்வாறே. தொழிற்பயிற்சி நிலையங்களின் தகட்டு வேலைப் பிரிவிலும், பொறியியல் முதலாண்டு வரைகலைப் பாடத்திலும் பரப்புகளை விரித்தல் ஒரு பகுதியாக உள்ளது. பாடத்தில் கூம்பும் பட்டகமும் தாளில் வரையப்பட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. வரைந்ததை வெட்டிச் சுற்றிப் பார்க்கும் மாணவருக்கு, ஒட்டும் விளிம்புக்கு இடம் விடாத பிழை உடனே புலப்படும். தகட்டு வேலையில் அதே பிழைக்கு ஒரு முழுத் தகடு வீணாகும்.

பதிப்பகத் தாள்கள் பதிப்புரிமை உடையவை. தாம் வாங்கிய தாளில் பிழை நேரலாம் என அஞ்சித் தம் பயன்பாட்டுக்கு ஒரு நகல் எடுத்துவைப்பது மாதிரியாளரிடையே பொதுவான வழக்கம், நகலெடுத்து விற்பது குற்றமாகும். வரைந்தவரே இலவசமாக வெளியிட்ட தாள்களும் இணையத்தில் பல உள்ளன. தொடக்கநிலையினர் ஐம்பது உறுப்புகளுக்கு மேற்படாத, நேரான இறக்கை கொண்ட ஒரு வானூர்தியைத் தேர்ந்து தொடங்குவது நலம்.